ஆறு முழத் தடிக்கு முப்பத்தாறு முழக் கணக்கு

ரயில் கண்டிக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அது ஸ்டேஷனோடு நின்றுவிடும். ஹந்தானை மலைத் தோட்டத்து ஸ்டோருக்கு வேண்டிய பல்சக்கரம், அச்சு, இரும்புத் தகடு எல்லாம் அங்கிருந்து மனுஷத் தோளில்தான் மேலே ஏறியாக வேண்டும். கோப்பிப் பழம் உரிக்கிற மெஷின் மூன்று நாளைக்கு ஒன்றை உடைத்துக்கொள்ளும். மூக்கையாவும் பழனியாண்டியும் வாரம் இரண்டு தரம் அந்த ஒன்றைச் சுமப்பார்கள்.

அவர்கள் தடி ஜோடி. ஆறு முழக் கித்துள் மரத் தடி, அதில் கயிறு, கயிற்றில் பாரம், முன்னால் ஒரு தோள், பின்னால் ஒரு தோள். மேட்டில் ஏறும்போது பாரமெல்லாம் பின்னால் வருகிறவன்மேல்தான் சாயும் என்று தோட்டம் முழுக்க நம்பினார்கள். கங்காணி நம்பினார், அவரைக் கேட்டு துரையும் நம்பினார். அதனால் மூக்கையா ஒவ்வொரு தரமும், "நீங்க முன்னால நடங்கண்ணே, கனத்த நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிப் பின்னால் போய் நிற்கும்போது, பழனியாண்டிக்கு உள்ளுக்குள் உருகிப் போகும். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்ததும் தன் கருவாட்டில் பாதியைப் பிய்த்து அவன் பக்கம் தள்ளுவான். இருபத்தைந்து வயசுப் பையன், எனக்காகக் கஷ்டப்படுகிறானே என்று.

உண்மை வேறு. கயிறு நடுவில் இருந்தால் மேடோ பள்ளமோ இரண்டு தோளுக்கும் ஒரே கனம்தான். இதை மூக்கையா முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். இரண்டாவது வாரம் அதைவிடப் பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தான். கயிற்றை ஒரு முழம் முன்னால் தள்ளிவிட்டால் தன் தோள் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. பின்னால் நடப்பவனுக்குக் கயிறு கண்ணுக்கு நேரே இருக்கும். முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்க முடியாது. கயிறு வழுக்கி வரக் கூடாதே என்று தடியில் சின்னதாக ஒரு வெட்டும் போட்டு வைத்தான். இரண்டு வருஷத்தில் கயிறு உரசி உரசி அந்த வெட்டு கண்ணாடி மாதிரி மினுங்கியது.

அவன் சோம்பேறி இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். புல்வெட்டக் கூப்பிட்டால் வயிற்றுவலி வரும், ஆனால் மெஷின் நின்றுவிட்டது என்றால் காய்ச்சலோடு ஓடி வருவான். தண்ணீர்ச் சக்கரம் சுற்றுவதை வாயைத் திறந்துகொண்டு பார்ப்பான். மேலே விழுகிற தண்ணீருக்கும் கீழே அரைபடுகிற பழத்துக்கும் நடுவில் யாரோ ஒளிந்திருந்து வேலை செய்கிறார்கள் என்றும், அந்த ஆளைத் தான் பிடித்தே ஆக வேண்டும் என்றும் அவனுக்கு ஒரு வெறி.

அப்போதுதான் டவுனில், வாவிக்கரைப் பக்கம் இருந்த ஓர் இரும்புப் பட்டறையில் ஒரு வகுப்பு தொடங்கப் போகிறது என்று கேள்விப்பட்டான். இப்போது நாம் பௌதிகம் என்கிறோமே, அதன் முதல் படி. நெம்புகோல், கப்பி, சக்கரம், தண்ணீரின் தள்ளுவிசை. ஆறு பேருக்குத்தான் இடம். முடித்தவர்களைப் பட்டறையே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். நடத்துகிறவர் யாழ்ப்பாணத்து அருளப்பு வாத்தியார். ஒரு பல்சக்கரம் வாங்கப் போன சாக்கில் மூக்கையா அவர் முன்னால் போய் நின்றான்.

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்து, முக்காலில் முக்கால் எவ்வளவு என்று கேட்டார். மூக்கையா ஒன்றரை என்றான்.

"கணக்குத் தெரியாமல் உள்ளுக்கை வந்தால் நீர் சக்கரம் சுத்துறதைப் பாப்பீர், ஏன் சுத்துதெண்டு பாக்கமாட்டீர்" என்றார் வாத்தியார். "ரெண்டு மாதம் இருக்கு. படிச்சுக்கொண்டு வாரும்."

ஒரு தாளில் படிக்க வேண்டியதை எழுதியும் கொடுத்தார். பின்னம், விகிதம், தலைகீழ் விகிதம், தெரியாத தொகைக்கு எழுத்து வைத்துக் கண்டுபிடிப்பது, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம். சோதனை எப்படி என்றும் சொன்னார். ஒவ்வொருவரும் தன் சொந்த வேலையிலிருந்து ஒரு கணக்கைக் கொண்டுவந்து, பலகையில் போட்டு, பொருளை வைத்து அது சரிதான் என்று காட்ட வேண்டும்.

அந்த மலையில் பின்னம் தெரிந்த ஒரே ஆள் நல்லம்மா. ஊரில் அவள் அப்பா கோயில் களஞ்சியத்தில் நெல் அளந்தவர். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தே காணி, மாகாணி, அரைக்கால் என்ற பின்னப் பேரெல்லாம் அவள் காதில் ஏறிவிட்டன. கோப்பி காயப்போடும் சீமெந்துத் தளத்தில்தான் அவளுக்கு வேலை. எல்லாம் சரி, ஒரே ஒரு வில்லங்கம். நல்லம்மா பழனியாண்டியின் பெண்டாட்டி.

பாடத்துக்குக் கூலி தினம் ஒரு கட்டு விறகு என்று பேசி முடித்தார்கள்.

முதல் பாடத்துக்கு அவள் எழுதவே இல்லை. காய்கிற கோப்பியை வாரியால் இழுத்துச் சதுரமாகப் பரப்பினாள். நெடுக்கே நாலாகக் கோடு இழுத்தாள், குறுக்கே நாலாகக் கோடு இழுத்தாள். இந்தப் பக்கம் முக்கால், அந்தப் பக்கம் முக்கால், இரண்டுக்கும் பொதுவாக விழுகிற கட்டத்தை எண்ணு என்றாள். மூக்கையா எண்ணினான். பதினாறில் ஒன்பது.

"அரையும், மேல பதினாறுல ஒண்ணும். அதான் அரையே மாகாணி. இப்பச் சொல்லு, ஒன்றரையா?"

மூக்கையா அந்தக் கட்டங்களை மறுபடியும் எண்ணினான். முக்காலை முக்காலால் பெருக்கினால் முக்காலைவிடச் சின்னதாகிவிடுகிறது. பெருக்கினால் பெருகாமல் சிறுக்கிறதே, இது என்ன வேடிக்கை என்று அவனுக்குச் சிரிப்பாக வந்தது. அன்று முதல் அவனைப் பிடிக்க முடியவில்லை. ஆணியில் தொங்கும் லாந்தரைப் பார்த்தால் எண்ணெய் எத்தனை மாகாணி என்பான். ரொட்டியைப் பிய்த்தால் பின்னம் சொல்லிப் பிய்ப்பான். லயக் குடியிருப்பில் பிள்ளைகள் அவனைக் கண்டு ஓட ஆரம்பித்தன.

விகிதமும் ஏறிவிட்டது. இரண்டு புசல் பழம் அளந்து போட்டால் ஒரு புசல் காய்ந்த கோப்பி. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இதையே சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். எழுத்துக் கணக்கில்தான் கொஞ்சம் சண்டை வந்தது. தெரியாத தொகைக்கு 'க' என்று வைப்போம் என்றான். 'க' என்றால் ஒன்று என்று அவள் அதை அழித்தாள். சரி, 'உ' என்றான். அது இரண்டு. பழைய தமிழ் எண்ணில் பாதி எழுத்தை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறார்கள். கடைசியில் தன் பேரையே கொடுத்து, தெரியாத தொகைக்கு 'மூ' என்று வைத்தான். தெரியாதவனுக்கு உன் பேர் பொருத்தம்தான் என்றாள் அவள்.

தலைகீழ் விகிதம் என்ற பாடம் வந்தபோதுதான் ஆபத்து வந்தது.

நல்லம்மா வாத்தியாரின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் வாசித்தாள். ஒன்று கூடினால் மற்றது குறையும் என்று எழுதியிருந்தது. அவளுக்கே அது சட்டென்று பிடிபடவில்லை. மூக்கையாவுக்கோ வாசித்த மாத்திரத்தில் பிடிபட்டுவிட்டது. கயிறு தன் தோளைவிட்டுத் தள்ளத் தள்ளத் தன் கனம் குறைகிறது. இரண்டு வருஷமாக இதையேதானே செய்துகொண்டிருக்கிறான், இதற்கு ஒரு பேர் இருப்பதுதான் தெரியாமல் போயிற்று.

"எனக்குப் புரிஞ்சிருச்சு மதினி. அடுத்த பாடத்துக்குப் போவோம்."

"எனக்கே புரியல, ஒனக்கு எப்பிடிப் புரிஞ்சிச்சு? ஒரு உதாரணம் சொல்லு."

வாய் வரைக்கும் தடி வந்துவிட்டது. கடித்து விழுங்கிவிட்டு, ஆள் கூடினால் நாள் குறையும் என்றான். இன்னொன்று கேட்டாள். மழை கூடினால் வெயில் நேரம் குறையும் என்றான். அது கணக்கில்லை என்றாள். கங்காணிக்கு வயசு கூடக்கூடப் பல்லு குறையுது என்றான். அவள் சிரிக்கவில்லை. வாரியை ஊன்றிக்கொண்டு அவன் தோளையே பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தோளு தேங்கா மூடி கணக்கா வீங்கிக் கெடக்கு. தெனம் உப்பு ஒத்தடம் குடுக்கிறேன். கனமெல்லாம் பின்னால வர்ற ஒனக்குத்தானாம். ஒந்தோளு என்ன, பட்டு மாதிரி இருக்கு?"

அது தோல் வாகு, எங்கம்மா பக்கத்து வாகு என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு இரண்டு கட்டு விறகு கொண்டுவந்து போட்டான். அதற்குப் பிறகு தலைகீழ் விகிதம் என்ற சொல்லே தளத்தில் எழவில்லை. மூக்கையா வாத்தியாரின் தாளை அந்த இடத்தில் மடித்து மடித்தே கிழித்துவிட்டான்.

சோதனை நாளன்று ஸ்டேஷனில் ஒரு பெரிய சக்கரம் வந்து கிடந்தது. அதனால் தடி ஜோடி இரண்டு பேருக்குமே டவுனுக்குப் போக உத்தரவு கிடைத்தது. நல்லம்மாவும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள். தான் சொல்லிக் கொடுத்த கணக்கு டவுனில் நிற்கிறதா விழுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பட்டறையில் புருஷனும் பெண்டாட்டியும் சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார்கள். தடி சுவரில் சாய்ந்திருந்தது.

உள்ளே பதினோரு பேர். ஐந்து பேர் ஏற்கெனவே தேறிவிட்டார்கள், இன்னும் ஓர் இடம்தான் பாக்கி. மூக்கையாவுக்கு முன்னால் டவுன் கோப்பி ஸ்டோரில் வேலை பார்க்கும் லாபிர். அவன் பலகைக்குப் போய், அழகாகக் கோடு போட்டு, ஒரு புசல் காய்ந்த கோப்பிக்கு எவ்வளவு பழம் என்ற கணக்கைப் போட்டான். பையிலிருந்து பழமும் காய்ந்த கோப்பியும் எடுத்து அளந்தும் காட்டினான். பழமோ போன வாரத்துப் பழம், வெயிலில் சுருங்கிப் போயிருந்தது. அளவு சரியாக வரவில்லை. வாத்தியார் தலையை ஒரு பக்கமாக ஆட்டி, மற்றவரையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

மூக்கையாவின் முகம் போன போக்கைப் பார்த்து லாபிருக்கு விஷயம் விளங்கிவிட்டது. திரும்பி வரும்போது காதோரமாக, "என்ன மச்சான், ஒங்கட கணக்க நான் செஞ்சிட்டனா?" என்றான்.

ஒருவர் செய்த கணக்கை மற்றவர் செய்ய முடியாது. தன்னுடையதும் கோப்பிக் கணக்குதான் என்று மூக்கையா முனகியதும், வேறு கணக்கு இருக்கிறதா என்று வாத்தியார் கேட்டார். இந்த வகுப்பு அடுத்த வருஷம் நடக்குமா என்றே யாருக்கும் தெரியாது. தண்ணீருக்கும் பழத்துக்கும் நடுவில் ஒளிந்திருக்கிற ஆள் இன்றைக்குத் தப்பினால் தப்பியதுதான். அவனிடம் வேறு கணக்கு இருந்தது. பின்னம், விகிதம், எழுத்து எல்லாம் உள்ளடங்கிய அருமையான கணக்கு. உலகத்திலேயே அவனுக்கு மட்டும் உடம்போடு தெரிந்த கணக்கு. அதைக் கேட்க வேண்டாத இரண்டு பேர் சன்னலில் நின்றிருந்தார்கள்.

பழனியாண்டி அவனைப் பார்த்துத் தைரியமாய்ச் சொல் என்பது போலத் தலையை ஆட்டினான். அதுதான் தாங்க முடியவில்லை.

"இருக்குங்கய்யா" என்றான் மூக்கையா.

பலகையில் ஒரு நீளக் கோடு போட்டான். ஆறு முழத் தடி. ஒரு முனையிலிருந்து நாலு முழத்தில் ஒரு புள்ளி, அங்கே பாரம். நாலு முழம் தள்ளி இருக்கிறவனுக்குப் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு முழத்தில் இருக்கிறவனுக்கு மூன்றில் இரண்டு பங்கு. நல்லம்மாவின் வாய்ப்பாட்டில் அரை உண்டு, கால் உண்டு, மாகாணி உண்டு, மூன்றில் ஒன்றுக்குப் பேர் கிடையாது. ஆனாலும் விஷயம் விளங்கி அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

லாபிர் எழுந்துவிட்டான். நீளப் பக்கத்துக்குத்தானே கனம் கூட வரும், நீளம் கூடினால் பாரமும் கூடாதா என்றான். தேறிய ஐந்து பேரில் மூன்று பேர் அவன் பக்கம்.

வாத்தியாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வெளியே இருந்த தடியைக் கொண்டுவரச் சொன்னார். உத்தரத்திலிருந்து இரண்டு சுருள்தராசைத் தொங்கவிட்டு, தடியின் இரண்டு முனையையும் அவற்றில் மாட்டி, வெறும் தடியின் கனத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு அறுபது ராத்தல் இரும்பை எடுத்தார். நாலு முழத்தை அளக்க அவர் முழக்கோலைத் தேடப் போனார், தேடவே வேண்டியிருக்கவில்லை. தடியில் சரியாக அந்த இடத்தில் ஒரு வெட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.

இரும்பு தொங்கியது. தடியின் கனத்தைக் கழித்துப் பார்த்தார்கள். ஒரு முள் இருபதில், ஒரு முள் நாற்பதில்.

லாபிர் முள்ளுக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டான்.

"ஓம், கணக்குச் சரி" என்றார் அருளப்பு வாத்தியார். அந்த வெட்டை விரலால் தடவினார். "இது இண்டைக்கு நேற்றுப் போட்டதில்லை. சொந்த வேலையிலை இருந்து எண்டல்லோ சொன்னனான். இருபதிலை ஆர், நாற்பதிலை ஆர்? அதையும் எழுதும்."

மூக்கையா சாக்குக்கட்டியை எடுத்தான். இருபதுக்குப் பக்கத்தில் 'மூ' என்று எழுதினான். நாற்பதுக்குப் பக்கத்தில் எழுதக் கை வரவில்லை. சன்னல் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"அங்க எங்கண்ணன். பழனியாண்டி. ரெண்டு வருஷமா."

பழனியாண்டி தன் தோளைத் தொட்டுப் பார்த்தான். பிறகு முள்ளைப் பார்த்தான். அவன் எதையும் நிதானமாக மென்று விழுங்குகிற ஆள்.

"அப்ப ஏத்தத்துல கனமெல்லாம் பின்னாலன்னு சொன்னது?"

"அது ஊரே சொன்னதுண்ணே. நானா சொல்லல."

"எங்கருவாட்டத் தின்னது ஊரா?"

லாபிர்தான் முதலில் சிரித்தான். அப்புறம் எல்லோரும். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை, மீசைக்குள் என்ன நடந்தது என்று தெரியாது. ஆறாவது இடத்தில் மூக்கையாவின் பேரை எழுதினார். மூன்று வாரத்தில் வகுப்பு தொடங்கும். லாபிர் புதுப் பழத்தோடு அன்று மாலையே திரும்பி வந்து காட்டினால் ஏழாவதாக ஒரு கதிரை போடலாம் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் மூக்கையா காலில் விழப் போனான். பழனியாண்டி இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான். நல்லம்மா கும்பிடெல்லாம் வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். அவள் முகத்தில் கோபமும் இருந்தது, தான் சொல்லிக் கொடுத்த கணக்கு டவுனில் நின்றுவிட்ட பெருமையும் இருந்தது. எது முந்தும் என்று அவளுக்கே தெரியவில்லை போலும்.

"கணக்காத் திருடினவன் கணக்காத் திருப்பிக் குடு" என்றாள். "ரெண்டு வருஷத்துல எத்தன தடவ தூக்கினீங்க?"

இருநூறு தரம், சராசரி நூற்றெண்பது ராத்தல். வகுப்புக்குப் போகுமுன் இன்னும் ஆறு தரம்தான் பாக்கி. அந்த ஆறில் இரண்டு தோளும் சமனாக வேண்டும். கயிறு எங்கே கட்ட வேண்டும்? சக்கரம் எடுக்க ஸ்டேஷனுக்குப் போனதும், வாசல் மண்ணில் குந்திக்கொண்டு மூக்கையா கணக்கை ஆரம்பித்தான். முதலில் பயந்து பயந்து எழுதினான். நாலு வரி போனதும் பயம் மறந்து போயிற்று. இருநூற்றாறு தரத்துக்கு ஆளுக்குத் தொண்ணூறு, அதில் தான் தூக்கியதைக் கழி, மிச்சத்தை ஆறால் வகு. ஒவ்வொரு தரமும் ஆயிரத்துத் தொண்ணூறு ராத்தல் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு மேலே போனான். அண்ணன் முனையிலிருந்து கயிறு இருக்க வேண்டிய தூரம் முப்பத்தாறு முழம், அதற்கு மேல் மூன்றில் ஒன்று.

"முப்பத்தாறு" என்று கூவினான், ஏதோ புதையல் கிடைத்தவன் மாதிரி. "மதினி, தடி ஆறு முழம்தான். கயிறு எனக்குப் பின்னால முப்பது முழம் தள்ளித் தொங்கணும். கீழ ரோட்டுல. நான் தூக்கினா அண்ணன் பக்கம் கனமே இருக்காது, தடி மேல பிச்சிக்கிட்டுப் போகும். அண்ணன் அதப் புடிச்சுத் தொங்கணும்."

பழனியாண்டி மண்ணில் இருந்த எண்களை வெகு நேரம் பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை, கடைசி வார்த்தையைத் தவிர.

"தொங்கவா? அப்ப நான் நடக்க வேண்டியதில்லையா?"

நடக்கத்தான் வேண்டியிருந்தது. கணக்கு எங்கே போனாலும் தடி ஆறு முழம்தானே. நல்லம்மா சக்கரத்தை மூக்கையாவின் தோளிலிருந்து ஒரு சாண் தள்ளித் தானே கட்டினாள், மூன்று முடிச்சாக. பழனியாண்டி முன் முனையை வீங்காத தோளில் வைத்துக்கொண்டு, அது இருக்கிறதா இல்லையா என்று இரண்டு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வீசி நடந்தான். மேட்டின் முதல் திருப்பத்திலேயே மூக்கையாவுக்கு மூச்சு இரைத்தது. ஆறு முழத்தில் ஒரு சாண், அரை முழம், அப்படியென்றால் பன்னிரண்டில் பதினொன்று என் தலையில் என்று சத்தமாகக் கணக்குச் சொல்லிக்கொண்டே ஏறினான். சொல்லச் சொல்ல அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"பேசாம நட" என்றாள் பின்னால் வந்த நல்லம்மா. "கயித்தப் பாத்துக்கப் பின்னால ஒரு ஆளு வேணும்ல."